பிசிறு வெட்டும் கைகள்

ஜோர்ஜ்டவுன், பினாங்கு
28 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு என்னால் சிரம்பானுக்கு வரமுடியாது. இதைக் கடைசியில் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்கள் எந்தக் கடிதத்திலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பீர்கள். அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

காரணம், வேலை. எழுபது வயதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உங்களுக்குக் காது போன பிறகு உங்கள் குரல் எனக்கு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. பத்து காவான் என்ற ஊரில் ரப்பர்ப் பொருள்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அதன் கணக்கு மேலாளர் குணாளன், என்னோடு முன்பு வேலை பார்த்தவரின் மகன். நான் ஓய்வு பெற்றும் செலவுக் கணக்குப் புத்தகங்களை விடவில்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாத ஒப்பந்தம். இரண்டு முறை மறுத்தேன். மூன்றாம் முறை மறுக்கத் தைரியம் வரவில்லை.

வேலை இதுதான். அங்கே இரண்டு பிரிவுகள். பெரிய வரிசையில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் ரப்பர்ப் பட்டை செய்கிறார்கள். அது தினமும் கண்டேனர் கண்டேனராகக் கப்பலுக்குப் போகிறது. சிறிய பிரிவில் இருபத்தாறு பேர். பழைய பம்பு, மருத்துவமனைக் கருவி, மீன்பிடிப் படகு என்று கேட்பவர்களுக்கெல்லாம் கேட்ட அளவில் ரப்பர் வளையம் செய்து தருகிறார்கள். ஒரு தடவைக்கு ஐம்பது, நூறு. மின்சாரம், மேற்பார்வை, பழுது பார்த்தல், சோதனை முதலிய பொதுச் செலவுகளை இதுவரை ரப்பரின் எடையை வைத்துப் பிரித்து வந்தார்கள். பெரிய வரிசைதான் எடை கூடியது. ஆகவே ஏறக்குறைய எல்லாச் செலவும் அதன் தலையில். சிறிய பிரிவு உண்மையில் லாபமா நட்டமா என்று யாருக்கும் தெரியாது.

நான் செய்யவேண்டியது செயல்வாரிச் செலவுக் கணக்கு. உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தலைமையாசிரியையாக இருந்தபோது உங்கள் நேரத்தை மாணவிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் எல்லோருக்கும் சமமான பங்குதான் வரும். ஆனால் உங்கள் நேரத்தை உண்மையில் தின்றவர்கள் ஐந்தாம் படிவத்தில் ஒரு பத்துப் பேர். யார் எந்தச் செயலுக்குக் காரணமோ அந்தச் செயலின் செலவு அவர் கணக்குக்குப் போகவேண்டும். அவ்வளவுதான் தத்துவம். சொல்ல எளிது.

சிறிய பிரிவு நட்டம் என்று என் கணக்கு சொன்னால் ஜூன் மாதக் கடைசியில் அதை மூடிவிடுவார்கள். இதைக் குணாளன் மெல்லிய குரலில்தான் சொன்னார். அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை சரிபார்க்கிறேன்.

உங்கள் பிறந்தநாளன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன்.

அன்புத் தம்பி
ஸ்ரீகரன்


சிரம்பான்
9 பிப்ரவரி 2024

தம்பிக்கு,

உன் பங்குக் கேக்கையும் நான்தான் சாப்பிட்டேன். சர்க்கரை ஏறிவிட்டது. உன் தத்துவப்படி அந்த மருந்துச் செலவு யார் கணக்குக்குப் போகவேண்டும்?

விழா நன்றாக நடந்தது என்று சொன்னார்கள். எல்லோரும் என்னைச் சுற்றி நின்று வாயை அசைத்தார்கள். பாட்டாக இருக்கும் என்று நினைத்துக் கைதட்டினேன். பிறகுதான் தெரிந்தது, துஷ்யந்தி அழுதுகொண்டே ஏதோ பேசியிருக்கிறாள். நடுவில் கைதட்டிவிட்டேன். என் மகளுக்கு இரண்டு நாள் கோபம்.

ஐந்தாம் படிவத்தில் பத்துப் பேர் என்றாயே, தவறு. ஒரே ஒருத்திதான். இப்போது அவள் நீதிபதி. உன் கணக்கு இப்படித்தான் இருக்குமென்றால் அந்த இருபத்தாறு பேரை நினைத்துக் கவலைப்படுகிறேன்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். உடனே பேனாவை எடுத்து மன்னிப்புக் கேட்டு எழுதாதே. உன்னிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான். சின்ன வயதில் கடைக்காரன் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால் அவனிடம் கேட்க மாட்டாய். என்னைத்தான் அனுப்புவாய். இப்போது நான் சிரம்பானில் இருக்கிறேன். உனக்காக யாரிடமும் போய்க் கேட்க வரமாட்டேன். அந்தத் தொழிற்சாலையில் எது கேட்கவேண்டுமோ அதை வாய் திறந்து கேள். மேலாளரானால் என்ன, முதலாளியானால் என்ன?

கண்ணுக்கு மருந்து போட்டுக்கொள்கிறாயா?

தாட்சாயினி


ஜோர்ஜ்டவுன்
10 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். இன்று ஞாயிறு. காலையில் எஸ்பிளனேட் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்து, ஒரு கோப்பை காப்பியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். மனது லேசாக இருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே கேட்டேன். ஒவ்வொருவரிடமும் போய் ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் வேலை நேரத்தை நூறு என்று வைத்தால் எந்த வேலைக்கு எவ்வளவு போகிறது என்று எழுதச் சொன்னேன். சிறிய பிரிவில் எல்லோரும் முழு நூறையும் தங்கள் பிரிவின் வேலைக்கே பிரித்து எழுதினார்கள். அச்சு மாற்றுவது, அழுத்துவது, சோதிப்பது, கட்டுவது. தாளை மட்டும் நம்பாமல் நானும் பல நாள் காலை நேரங்களில் ஓரமாக நின்று பார்த்தேன். எழுதியது சரியாகவே இருந்தது. அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர் வள்ளியம்மா. பைராம் தோட்டத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருபவர். "அங்கிள், நின்னு நின்னு கால் வலிக்கும் லா" என்று தன் முக்காலியை எனக்குக் கொடுத்துவிடுவார்.

என் போக்குவரத்தைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். காலையில் ஃபெரியில் பட்டர்வொர்த் போய்விட்டால் அங்கிருந்து கம்பெனி வேன். மதியம் இரண்டு மணிக்கு அதே வேன் வங்கிக்குப் போகும். அதில் திரும்பிவிடுவேன். மாலைக் கூட்டமும் மழையும் எனக்கு ஆகாது.

முடிவு இதுதான். பெரிய வரிசை நினைத்ததைவிட லாபம். சிறிய பிரிவு நட்டம், அதுவும் கொஞ்ச நட்டம் இல்லை. பொது மேலாளர் திரு. சியா எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். கெடாவில் இருக்கும் அவர்களுடைய இன்னொரு தொழிற்சாலைக்கும் நானே கணக்குப் போடவேண்டும் என்றார். பிரிவை மூடும் விஷயத்தை மே மாதக் கூட்டத்தில் உறுதி செய்துவிட்டுத்தான் வெளியே சொல்வார்களாம்.

இருபத்தாறு பேரை நினைத்தால் வருத்தம்தான். ஆனால் கணக்கு இப்படித்தான் வந்தது. வேறு மாதிரி வரவேண்டும் என்று நான் ஆசைப்படுவது முறை இல்லை அல்லவா? அறிக்கைக்கு நல்ல நீல அட்டை போட்டிருந்தார்கள்.

ஸ்ரீகரன்


சிரம்பான்
17 மார்ச் 2024

தம்பி,

உன் கடிதத்தில் ஒரு பகுதியைத் துஷ்யந்தியின் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் மகன் கோகிலன் பொறியாளர் என்று இருபது வருடமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று அவர் வாய் அசையவில்லை. கோயிலிலும் இரண்டு பேருக்குச் சொன்னேன். சரி, நான்கு பேர்.

உன் தொழிற்சாலையில் பொது மேலாளர் எழுந்து நின்றதை மட்டும் சொன்னேன். இருபத்தாறு பேரைப் பற்றிச் சொல்லவில்லை. அது எனக்கும் நெருடுகிறது. ஆனால் நீ சொல்வது சரி, கணக்கு கணக்குதான். நான் தேர்வில் பெயிலாக்கிய பிள்ளைகளுக்காகவும் வருத்தப்பட்டிருக்கிறேன். மதிப்பெண்ணைத் திருத்தியதில்லை.

சித்திரைப் பிறப்புக்குக் கட்டாயம் வா. மூன்று நாளாவது இருக்கவேண்டும். உன்னை நான்கு பேருக்குக் காட்டவேண்டும்.

தாட்சாயினி


ஜோர்ஜ்டவுன்
6 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை இரண்டு மணிக்கு வேனுக்காக நின்றேன். ஓட்டுநர் தனேஷ் வந்தார். "அங்கிள், பேட்டரி மாத்தி லா, செத்துப்போச்சு. இன்னிக்கு அஞ்சு மணி பஸ்ஸுலதான் போகணும்" என்றார். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் சிறிய பிரிவுப் பக்கம் நடந்தேன்.

அங்கே யாரும் இல்லை. அழுத்தும் இயந்திரங்களில் இரண்டு பேர் மட்டும். தேநீருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு, நோன்பு மாதம், பாதிப் பேர் தேநீர் குடிக்கமாட்டார்களே என்று தோன்றியது. சத்தம் வந்த பக்கம் போனேன்.

எல்லோரும் பெரிய வரிசையில் இருந்தார்கள். ரப்பர்ப் பட்டை அச்சிலிருந்து வரும்போது ஓரத்தில் மெல்லிய பிசிறு ஒட்டியிருக்கும். அதை வளைந்த சின்னக் கத்தியால் வெட்டி எடுக்கவேண்டும். நீண்ட மேசையின் இரண்டு பக்கமும் நின்று அவர்கள் அதைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தி நகர்வதுகூடத் தெரியவில்லை. பிசிறு மட்டும் சுருண்டு விழுந்தது.

"என்னம்மா, இங்க நிக்கிறீங்க?" என்று வள்ளியம்மாவிடம் கேட்டேன்.

"சும்மா தோலோங் அங்கிள், ஒரு கை குடுக்கிறோம். கண்டேனர் அஞ்சு மணிக்குக் கெளம்பணும்ல. இங்க உள்ளதெல்லாம் புதுப் பசங்க. பிசிற வெட்டுன்னா பட்டையையே வெட்டிருவாங்க."

"பெருநாள் லீவு வருதுன்னு இன்னிக்கு மட்டுமா?"

"எப்பவும்தான் அங்கிள். ரெண்டு மூணு வருஷமா மூணு மணியானா வந்துருவோம்."

"நான் குடுத்த தாள்ல இத யாருமே எழுதலையே?"

அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க வேலையப் பத்தித்தானே கேட்டீங்க? இது வேலை இல்லையே அங்கிள். உதவி."

பக்கத்தில் நின்ற நஜ்வா என்ற மலாய்ப் பெண், "பக்சிக், பீசாவ் வேணுமா? நீங்களும் வெட்டுங்க" என்று ஒரு கத்தியை நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களுடைய பிரிவை மூடச் சொல்லி நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அக்கா, அவர்களுடைய நாளில் கால் பங்கு பெரிய வரிசைக்குப் போகிறது. அந்தக் கூலியை நான் சிறிய பிரிவின் தலையில் ஏற்றியிருக்கிறேன். அதனால்தான் பெரிய வரிசைக்கு அவ்வளவு லாபம். இரண்டு மணிக்கு வேன் ஏறிப் போகிறவன், மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்று யாரையும் கேட்கவே இல்லை.

சித்திரைக்கு வருகிறேன். நேரில் பேசலாம்.

ஸ்ரீகரன்


சிரம்பான்
18 ஏப்ரல் 2024

தம்பி,

நீ பாயசம் சாப்பிடாமல் போனதைத்தான் இந்த வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள். மூன்று நாள் இருப்பதாகச் சொல்லிவிட்டு இரண்டாம் நாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவனை என்ன சொல்வது? நீ தாளில் எழுதுவாய், நான் கத்துவேன் என்று நம் சண்டை நடந்ததால், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என் பக்கம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. நான் தனியாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்று துஷ்யந்தியிடம் விசாரித்தார்களாம்.

கத்திச் சொன்னதை இப்போது மெதுவாக எழுதுகிறேன். வாயைத் திறக்காதே. அறிக்கை கொடுத்தாயிற்று, கை குலுக்கியாயிற்று. மூடுவதும் மூடாததும் அவர்கள் முடிவு. நீ போய், முதலில் போட்டது தவறு என்று சொன்னால் அவர்கள் இரண்டாவதையும் நம்பமாட்டார்கள். அந்த இருபத்தாறு பேருக்கும் அதனால் ஒன்றும் கிடைக்காது. உன் பெயர் மட்டும் கெடும்.

போய்க் கேள் என்று சொன்ன அக்காவா இது என்று நீ எழுதிக் காட்டினாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது அப்பாவை ஜோர்ஜ்டவுன் அலுவலகத்திலிருந்து நாட்டுப்புறக் கிளைக்கு மாற்றினார்களே, நினைவிருக்கிறதா? உடம்புக்கு நல்ல காற்று என்று உன்னிடம் சொன்னோம். உண்மை அது இல்லை. ஏற்றுமதிக் கணக்கில் தான் செய்த ஒரு தவற்றை அப்பா தானே போய் வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னார். துரை பாராட்டினான். அடுத்த மாதம் மாற்றல் வந்தது, சம்பளம் குறைந்தது. எனக்குச் சிங்கப்பூரில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அதனால் கெட்டுப்போகவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் எது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்.

நான்கு பேருக்குச் சொல்லிவிட்டேன் என்பதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் அதற்காகவும்தான்.

அக்கா


ஜோர்ஜ்டவுன்
3 மே 2024

அன்புள்ள அக்கா,

பாயசத்துக்கு மன்னிக்கவேண்டும். அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பல முறை படித்தேன். நீங்கள் ஆசிரியை ஆனது உங்கள் விருப்பம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேரில் வரும்போதும் தெரியாது என்று நினைக்கிறேன்.

பெருநாள் முடிந்த பிறகு தினமும் ஐந்து மணி வரை இருந்து பார்த்தேன். ஒருநாள்கூடத் தவறவில்லை. புதிய கணக்கைப் போட்டுவிட்டேன். பிசிறு வெட்டும் நேரத்தைப் பெரிய வரிசைக்கு மாற்றினால் சிறிய பிரிவுக்கு நட்டம் இல்லை. மார்தட்டிக்கொள்ளும் லாபமும் இல்லை. ஆனால் மூடுவதற்குக் காரணம் இல்லை.

குணாளனிடம் காட்டினேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். "அங்கிள், நானும் அதுல சைன் வச்சிருக்கேன். இப்ப போயி இத தோண்டணுமா?" என்றார். அரை மணி நேரம் கழித்து அவரே என் அறைக்கு வந்து, மே கூட்டத்தில் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். "ஆனா நீங்கதான் பேசணும். என்னால முடியாது."

நான் எதிர்பார்க்காதது வள்ளியம்மாவிடமிருந்து வந்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. அவரைத் தனியே அழைத்து, மூன்று மணி வேலையைக் கணக்கில் சேர்த்தால் பிரிவு பிழைக்கும் என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அத எழுதாதீங்க அங்கிள்."

"ஏம்மா? உங்க வேலையே போகப் போகுது."

"போனா வேற தேடிக்குவோம் லா. உதவி பண்ணிட்டு அதச் சொல்லிக் காட்டிட்டாங்கன்னு பேரு வேணாம். பெரிய லைன் மானேஜர் ஐமான் நல்ல மனுஷன். எங்க ஆளுங்க வீட்டுக் கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் வந்து நின்னவரு. அவரு தலையில கொண்டுபோயி பில்லு வச்சா நாளைக்கு அவரு மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"இது பில்லு இல்லம்மா. கணக்கு."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்கு எதிர்ப்பக்கம் இப்போது மூன்று பேர். நீங்கள், வள்ளியம்மா, நான். மூன்றாவது ஆள்தான் சமாளிக்கக் கடினமானவர். ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை.

கூட்டம் மே இருபத்திரண்டாம் தேதி.

ஸ்ரீகரன்


சிரம்பான்
10 மே 2024

தம்பி,

நான் பாயசத்தை மன்னித்துவிட்டேன். அப்பா விஷயத்தில் நீ ஒன்றும் எழுதவேண்டாம்.

உன் வள்ளியம்மா சொன்னதைப் படித்துவிட்டு ஒரு சோதனை செய்தேன். துஷ்யந்தி வீட்டிலிருந்தே முறுக்கும் நெய் உருண்டையும் செய்து விற்கிறாள் அல்லவா? தினமும் காலையில் நான்தான் அவளுக்கு மாவு சலித்து, பொட்டலம் கட்டித் தருகிறேன். இதுவரை அதை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. உன் மாமாவின் கணக்குப்படி என் உழைப்பைச் சேர்த்தால் உன் முறுக்கு லாபம் பாதியாகிவிடும் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தாளில் எழுதிக் காட்டினாள்: "அம்மா, நீங்கள் கட்டும் பொட்டலத்தையெல்லாம் பிரித்து நான் திரும்பக் கட்டுகிறேன்." ஆகவே உன் தத்துவத்தை எல்லா வீட்டிலும் பிரயோகிக்காதே.

அவள் அப்படி எழுதியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நெடுநேரம் சிரித்தேன். பிறகு யோசித்தேன். அப்பா துரையிடம் போன அன்று மாலை வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அதற்கு முன் ஒரு மாதம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. போன கடிதத்தில் இதை விட்டுவிட்டேன். மறந்ததால் அல்ல.

நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூக்கம் இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய். எழுபது வயதில் தூக்கம் போனால் திரும்பி வராது. உனக்கு எது தூக்கம் தருமோ அதைச் செய். அந்தப் பெண்ணுக்கு அவமானம் வராதபடி ஒரு வழி இருக்கும். சொற்களில் நீ எப்போதும் கவனமானவன்.

அக்கா


ஜோர்ஜ்டவுன்
26 மே 2024

அன்புள்ள அக்கா,

கூட்டம் முடிந்து நான்கு நாளாகிறது. நான்கு இரவும் தூங்கினேன்.

நீங்கள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பீர்கள் என்று தெரிந்தும் வரிசையாகவே எழுதுகிறேன்.

திரு. சியா, குணாளன், பெரிய வரிசையின் ஐமான், மனிதவளத்தில் இரண்டு பேர், தலைமையகத்திலிருந்து வந்த இயக்குநர் ஒருவர். எல்லோர் முன்னாலும் என் நீல அட்டை அறிக்கை. என் பதினைந்து நிமிடம் வந்தது. தண்ணீர் குடித்தேன். இன்னும் கொஞ்சம் குடித்தேன். பிறகு சொன்னேன்: "உங்கள் முன்னால் இருக்கும் அறிக்கை தவறு. அதில் கேள்வி தவறாகக் கேட்கப்பட்டிருக்கிறது. கேட்டவன் நான்."

வழியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இரண்டு வாரம் தேடி அதைக் கண்டுபிடித்தேன். உதவி என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. யார் யாருக்குச் செய்தார்கள் என்றும் சொல்லவில்லை. பட்டை தயாராவதற்கு அச்சு, அழுத்தம், பிசிறு வெட்டுதல், சோதனை என்று நான்கு செயல்கள் வேண்டும். என் அறிக்கையில் மூன்றுதான் இருக்கின்றன. மூன்றாவது செயல் மதியத்துக்கு மேல் நடக்கிறது. நான் மதியத்தில் போய்விடுகிறவன், அதனால் அதைப் பார்க்கவில்லை. விடுபட்ட செயலைச் சேர்த்த கணக்கு இது. இப்படித்தான் சொன்னேன்.

திரு. சியா நீல அட்டையையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "மார்ச்சில் ஒன்று சொன்னீர்கள். மே மாதத்தில் இன்னொன்று. ஜூலையில் என்ன சொல்வீர்கள்?"

"ஜூலையில் என் ஒப்பந்தம் முடிந்திருக்கும் ஐயா. அதனால்தான் இப்போதே சொல்லிவிடுகிறேன்."

நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. ஆனால் தலைமையகத்து இயக்குநர் சிரித்துவிட்டார்.

அடுத்தது ஐமான். நான் அவருக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அவர் செலவு ஏறுவது என் கணக்கால். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பிசிறு வெட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று நான் இரண்டு வருடமாக எழுதிக் கேட்கிறேன். உங்கள் வரிசைதான் தடையில்லாமல் ஓடுகிறதே, எதற்கு ஆள் என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்றார். "சிறிய பிரிவை மூடினால் மறுநாள் மூன்று மணிக்கு என் கண்டேனருக்கு யார் வருவார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? மூடப்போவதே எனக்குச் செய்தி கசிந்த பிறகுதான் தெரியும்." அக்கா, அவரும் வெட்கப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கடன்பட்டவர் மாதிரி எல்லா வீட்டு விசேஷத்துக்கும் போய் நின்றிருக்கிறார்.

மேலும் ஒரு மணி நேரம் என் எண்களைப் பிய்த்துப் பிய்த்துக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. முடிந்ததும் குணாளன் என் முழங்கையைப் பிடித்து, "ஒக்காருங்க அங்கிள்" என்றார். அதுவரை நான் நின்றுகொண்டே பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மூடும் முடிவை ரத்து செய்து அன்றே கையெழுத்தானது. சிறிய பிரிவு பழைய இயந்திரங்கள் இரண்டை விட்டுக்கொடுக்கவேண்டும். சில வளையங்களின் விலையை ஏற்றவேண்டும். கெடாத் தொழிற்சாலையைப் பற்றி அதன் பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை. பேசமாட்டார்கள். கதவருகில் திரு. சியா தலையை மட்டும் அசைத்தார். கை கொடுக்கவில்லை. அப்பாவுக்கு நடந்ததில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்று மாலை நானும் நன்றாகச் சாப்பிட்டேன்.

வள்ளியம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே வந்தார்.

"ஐமான் வந்து நாலு பேர அனுப்பறேன், பிசிறு வெட்டச் சொல்லித் தாங்கங்கிறாரு. உங்க வேலையா அங்கிள் இது?"

"நான் உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லலம்மா."

"தெரியும். ஐமான் சொன்னாரு. பிசிறப் பத்தி மட்டும் மணிக்கணக்கா பேசினீங்களாம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார். சிறிது நேரத்தில் முக்காலி வந்தது.

நேற்று முன்தினம் முடிவைச் சிறிய பிரிவுக்கு அறிவித்தார்கள். மனிதவளத்திலிருந்து வந்த பெண் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படித்தார். மறுசீரமைப்பு, செலவுப் பகிர்வு, மீளாய்வு என்று பல சொற்கள். இருபத்தாறு பேரும் கையுறையைக் கழற்றாமல் நின்று கேட்டார்கள். யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. படித்து முடித்ததும் நஜ்வா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பக்சிக், எங்களுக்கு வேலை இருக்கா, இல்லையா?"

என் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் நான் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னதில்லை. இன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இன்ன அனுமானங்களின் பேரில் என்றுதான் தொடங்குவேன். அன்றும் அவையெல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.

"இருக்கு" என்றேன்.

ஸ்ரீகரன்